புறங்கை பார்த்த சூடு

அன்று மதியம் அந்தச் சிறிய மருத்துவமனை அறையில் ஆறு பேர் இருந்தார்கள். அங்கே இல்லாதவர்கள் எல்லாம் பிற்பாடு இருந்ததுபோலப் பேசியதால், இருந்தவர்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டிலில் சலவையகத்தின் சின்னவர். கால்மாட்டில் அவருடைய மனைவி. சன்னலோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணன் பெரியவர். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர்களுடைய தங்கையின் கணவர். வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். இவர்களோடு பணியிலிருந்த டாக்டரும் ஒரு நர்ஸும். வேறு யாரும் இல்லை.

டாக்டர் இளம்பெண். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"காய்ச்சல் இல்லையே டாக்டர்" என்றார் பெரியவர்.

"இல்ல சார். உடம்பு சில்லுன்னு இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மாப்பிள்ளை சிரித்தார். "நல்லாருக்கே! காய்ச்சல் வந்தாலும் பயப்படணும், வரலைன்னாலும் பயப்படணும். அப்ப நாங்க எப்பதான் நிம்மதியா இருக்கிறது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கால்ல இருக்கிற புண்ணு வழியா கிருமி உள்ள போயிருக்கு. அதை எதிர்க்கப் போய் உடம்பு தன்னைத்தானே அழிச்சுக்க ஆரம்பிச்சிருக்கு. செப்சிஸ்னு சொல்வோம். ரத்தத்துல ரெண்டு விஷயம் பாத்தோம். ஒண்ணு ப்ரோகால்சிடோனின். கிருமி பெருசா தாக்கினா அது ஏறும். இவருக்கு நல்லாவே ஏறியிருக்கு. இன்னொண்ணு லாக்டேட். உள்ளுறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகலைன்னா அது சேரும். ரெண்டுக்குள்ள இருக்கணும். இவருக்கு நாலரை."

"நாலரையா? நான்கூட நானூறு நாலாயிரம்னு சொல்லப்போறீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு நம்பரை மட்டும் வச்சு நாங்க எதையும் முடிவு பண்ண மாட்டோம். அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும். மருந்தும் சலைனும் போயிட்டிருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம். இறங்கினா உடம்பு நம்ம பேச்சைக் கேக்குதுன்னு அர்த்தம். இறங்கலைன்னா இங்க வச்சிருக்க முடியாது. என்னைக் கேட்டா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கதான் இருக்கு."

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. பிறர் கண்ணுக்கு அது கம்பீரம். வீட்டாருக்கு அதன் பொருள் தெரியும்: இனி அவரிடம் பேசிப் பயனில்லை.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் அறுவை அறைத் துணிகளும் இரண்டு தலைமுறையாக இவர்கள் சலவையகத்தில்தான் வெளுக்கப்படுகின்றன. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சலவையகத்து முதலாளியே சீழ் பிடித்த காலோடு அங்கே போய்ப் படுத்தால் என்ன பேசுவார்கள்? 'இவங்க துணியிலதான் கிருமி' என்பார்கள். அப்பா கட்டிய பெயர் ஒரு பொழுதில் போய்விடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது அவருடைய புறங்கை.

அந்தச் சலவையகத்தில் இஸ்திரித் தகட்டின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. இருந்திருந்தாலும் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரியவர் வருவார். பழுக்கக் காய்ந்த தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வலது புறங்கையைப் பிடிப்பார். "பட்டுக்கு ஆகாது, பருத்திக்கு வை" என்பார். அல்லது, "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்." அவ்வளவுதான். அந்தக் கை சரி என்ற பிறகு ஒரு துணிகூடக் கருகியதில்லை. அப்பாவிடமிருந்து வந்த வித்தை அது. வேலையாட்கள் அதைப் 'புறங்கை பார்க்கிறது' என்பார்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் அந்தப் புறங்கைதான் நெற்றிக்கு வரும். அது "ஒண்ணுமில்ல" என்றுவிட்டால் ஒன்றுமில்லை.

சில நாட்களுக்கு முன் சின்னவரின் முழங்காலுக்குக் கீழே நீராவிக் குழாய் பட்டுச் சுட்டது. சலவையகத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் சின்னவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. புண் ஆறாமல் நீர் கோத்து, ஓரம் கறுத்தது. கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். பெரியவர் பார்த்துவிட்டு, "நாலு பேர் பாக்கிற மாதிரி நொண்டாதே" என்றார். அதற்குப் பிறகு சின்னவர் நொண்டவில்லை. அண்ணன் சொன்னால் வலி கூட அடங்கிப்போக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர் அவர்.

"எப்படிச் சுட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுல. சுடுதண்ணி" என்றார் பெரியவர்.

சின்னவரின் மனைவி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

ஒரு பாட்டில் சலைன் உள்ளே போனதும் சின்னவருக்குத் தெளிவு வந்தது. கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, ஒரு டீ கிடைக்குமா? இங்க எல்லாம் தண்ணிதான் ஏத்துறாங்க."

"பாத்தீங்களா மச்சான், ஆளு தேறிட்டாரு. டீ கேக்கிறவன் எவனும் செத்ததில்ல" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் கட்டிலருகே வந்தார். வலது புறங்கையைத் தம்பியின் நெற்றியில் வைத்தார். பின் கழுத்தில் வைத்தார். தகட்டைப் பார்ப்பதுபோலவே கண்ணை மூடிக்கொண்டார்.

"குளுகுளுன்னு இருக்கான். கிளம்பலாம்."

"சார், சலைன் போனதால கொஞ்சம் தெளிவா இருக்காரு. அதை நம்பாதீங்க. ரெண்டாவது ரத்தம் எடுத்துப் பாத்துட்டு..."

"ஏம்மா, உனக்கு என்ன வயசு இருக்கும்? நான் சூடு பாக்க ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்க மாட்டே. என் கை இதுவரைக்கும் தப்பினதில்ல."

"உங்க கை தோலைத்தான் பாக்கும் சார். நான் சொல்றது உள்ள நடக்கிறதை. இந்த நோய்ல உடம்பு சூடாகாம ஆறிப்போறதுதான் இன்னும் மோசம்."

"உள்ள என்ன நடக்குதுன்னு நாங்க பாத்துக்கிறோம். எங்க ஆளு."

தம் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாகக் கையெழுத்துப் போடப் பெரியவர் வெளியே போனார். அந்தச் சிறிது நேரத்தில் சின்னவரின் மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த ரெண்டாவது ரத்தத்தை எடுத்துக்குங்க. எனக்கு போன் பண்ணிச் சொல்லுங்க."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். ஒரு சிறு குழாயில் ரத்தம் ஏறியது.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தபடி, "போற ஆளுகிட்டயும் ஒரு குழாய் பிடிச்சுட்டுத்தான் விடுவாங்க போல. கொசுவாவது வயிறு நிறைஞ்சா பறந்து போயிடும்" என்றார். சின்னவரும் அதற்குச் சிரித்தார். அவர் கடைசியாகப் புரிந்து சிரித்த சிரிப்பு அதுதான்.

டாக்டரின் அழைப்பு வந்தபோது சின்னவரின் மனைவி வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"ஏறியிருக்கும்மா. அஞ்சே முக்கால். மருந்து போயும் ஏறியிருக்குன்னா உடம்பு தோத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். இங்க வர வேண்டாம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

அவள் அப்படியே சலவையகத்துக்கு ஓடினாள். வீட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு சுவர்தான். பெரியவர் நாளைய வருகைக்காக விரிப்புகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அஞ்சே முக்காலாம். ஏறிடுச்சாம். உடனே போகச் சொல்றாங்க."

வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் அவளை உள்ளறைக்கு வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"இப்ப உன் புருஷன் என்ன பண்றான்?"

"படுத்திருக்காரு. மூச்சு வாங்குது."

"பேசுறானா?"

"பேசுறாரு..."

"பேசுறவனை விட்டுட்டு நம்பரைப் புடிச்சுத் தொங்குறியே! அந்த டாக்டர் பொண்ணுக்கு, படுக்கை காலியாயிடுச்சேன்னு கவலை. உனக்கு அது புரியல. நாளைக்கு ஒரு காலைப்பொழுதுதான். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். மத்தியானம் நானே அழைச்சிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் தாங்குவாரா மாமா? நான் ஒரு வண்டி பிடிச்சு..."

"வண்டி பிடிப்பே. அது வாசல்ல வந்து நிக்கும். தெருவே பாக்கும். இந்த வீட்டு மானத்தை வண்டியில ஏத்தி அனுப்பாதே, தாயி. உன் பொண்ணுக்கும் நாளைக்கு இந்த வீட்டுப் பேர்தான்."

அவள் கணவனிடம் போய்க் கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். சொன்னாள். "ஒரு காலைதானே" என்றார். அவள் இரவெல்லாம் அவர் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவை சூடேறவே இல்லை.

குடும்ப மானம் அற்பமானது என்று சொல்ல நான் வரவில்லை. அது பெரிது. அதைக் காக்கத் தெரியாத வீட்டை நான் வீடாக மதிப்பதில்லை. ஆனால் மானம் என்பது மனிதர்களைக் காப்பதற்காக வைத்த வேலி. வேலியைக் காப்பாற்ற மனிதனை வெட்டிப் போட்ட வீட்டின் கதை இது. ஆகையால் மறுநாள் காலை நடந்ததை மழுப்பாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை சின்னவரைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டார்கள். பட்டனை மாப்பிள்ளை போட்டுவிட்டார், ஏனென்றால் சின்னவரின் விரல்கள் பட்டனைத் தேடிக்கொண்டே இருந்தன. சலவையகத்து முகப்பில் வழக்கமாக அவர் உட்காரும் நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஆட்களுக்குச் சின்னவரைத் தெரியும்; அவர் இல்லையென்றால் கேட்பார்கள். மேசைக்குக் கீழே கால் தெரியாதபடி ஒரு விரிப்பைப் போர்த்தினார்கள். புண்ணிலிருந்து வாடை வந்தது. பெரியவர் சற்று யோசித்தார். வெளுப்புத்தூள் டப்பா ஒன்றைக் கொண்டுவரச் செய்து, மூடியைத் திறந்து, தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். வாடை அடங்கியது. தம்பிக்கு இருமல் வந்தது.

"அடக்கிக்க" என்றார் பெரியவர்.

வந்தவர்கள் இரண்டு பேர். துணிப்பொறுப்பு அலுவலர் ஒருவர். தலைமை நர்ஸ் ஒருவர். தலைமை நர்ஸ் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், குறைவாகப் பேசுபவர். அவர்கள் விரிப்புகளை விரித்துப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஓரத்தில் நீல நூலில் தைத்திருந்த சலவையகக் குறியைத் தடவிப் பார்த்த அலுவலர், "எப்பவும்போல சுத்தம்" என்றார்.

பெரியவரின் முகம் தெளிந்தது.

போகும் வழியில் தலைமை நர்ஸ் முகப்பில் நின்றார். "என்ன சின்னவரே, எழுந்துகூட நிக்க மாட்டேங்கறீங்க?"

சின்னவர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு குழந்தைபோலச் சொன்னார். "அம்மா, கொடி அறுந்துடுச்சும்மா. துணியெல்லாம் சேத்துல விழுது. அண்ணன் அடிக்கும்."

"தமாஷ் பேர்வழி மேடம் எங்க சின்னவரு. வேலை நேரத்துலயும் நாடகம்தான்" என்றார் மாப்பிள்ளை.

தலைமை நர்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை சின்னவரின் மார்பு ஏறி இறங்கும் வேகத்தில் இருந்தது. கையைப் பிடித்து நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் சிவக்கவே இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து விரிப்பை விலக்கினார். முழங்கால் தோலில் ஊதா நிறத்தில் வலை பின்னினாற்போல் திட்டுகள் படர்ந்திருந்தன.

"எப்பலேர்ந்து இப்படி?"

வெளுப்புத்தூள் நெடி மட்டும் இருந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து" என்று உள்வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னவரின் மனைவி. "லாக்டேட் நாலரை இருந்துச்சு. அப்புறம் அஞ்சே முக்கால் ஆச்சு. உடனே உங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. நாங்க போகல."

"உள்ள போம்மா" என்றார் பெரியவர்.

"போக மாட்டேன்" என்றாள் அவள்.

தெருவே பார்க்க, வாசலில் வண்டி வந்து நின்றது. ஒரு நாள் பிந்தி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய ஆஸ்பத்திரியில் லாக்டேட் பதினொன்று காட்டியது. சிறுநீரகம் நின்றிருந்தது. குழாய்களும் இயந்திரமும் இணைத்தார்கள். நேற்றே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரியவர் கேட்டதற்கு, அங்கிருந்த டாக்டர் ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. "நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா நேத்து வாய்ப்பு இருந்துச்சு. உடனே வரணும்னு அந்த ரெண்டாவது பரிசோதனை சொன்னதே அதுக்குத்தான்" என்றார்.

"புண்ணு எப்படி வந்துச்சு?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

பெரியவர் தரையைப் பார்த்தார். "நீராவிக் குழாய் பட்டுச்சு. சலவையகத்துல."

பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ் நம்ப முடியாமல் அவரைப் பார்த்தார். "இதையா மறைச்சீங்க? பட்டறைன்னா சூடு படத்தான் செய்யும். உங்க துணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? யாரு கேட்டா உங்களை?"

மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

கட்டிலில் விரித்திருந்தது அவர்கள் வெளுத்த விரிப்பு. சின்னவரின் தோளுக்குக் கீழே நீல நூல் குறி தெரிந்தது. மடிப்பு கலையாத, குறை சொல்ல முடியாத நல்ல வேலை.

மாலைக்குள் சின்னவர் இறந்துபோனார். குழாய்களை எடுத்த பிறகு பெரியவரை உள்ளே விட்டார்கள். பழக்கதோஷத்தில் அவருடைய வலது புறங்கை தம்பியின் நெற்றிக்குப் போனது. போன கை அப்படியே நின்றது. நேற்று தொட்டபோது இருந்த அதே குளிர். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தை நிறைத்தார்கள். மாப்பிள்ளையால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்காரங்கதான் காரணம். குழாய் குழாயா ரத்தத்தை உறிஞ்சிட்டாங்க. சர்க்கரை உடம்பு, தாங்குமா? நடந்து போன மனுஷன். நான் கண்ணால பாத்தேன்." வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கேட்கச் சுகமான காரணம் அது. வீட்டார் மேல் ஒன்றும் ஒட்டாது.

"அந்த டாக்டர் பொண்ணை விடக்கூடாது" என்றார் ஒருவர்.

பெரியவர் எழுந்தார். அந்த முதுகு அப்போதும் வளையவில்லை.

"மாப்பிள்ளை, வாயை மூடு. அவங்க எடுத்தது ஒரு ஸ்பூன் ரத்தம். அது உண்மையைச் சொல்லுச்சு. ரெண்டு தடவை சொல்லுச்சு. நான்தான் கேக்கல. என் கை பெருசுன்னு நினைச்சேன், எங்கப்பா பேரு பெருசுன்னு நினைச்சேன். எல்லாரும் கேட்டுக்குங்க. புண்ணோ தொற்றோ இருக்கிறவன் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ, உடம்பு சில்லிட்டாலோ, தொட்டுப் பாத்துட்டு உக்காராதீங்க. தூக்கிட்டு ஓடுங்க. ரத்தத்தைப் பாக்க விடுங்க, மறுபடி பாக்கணும்னாலும் விடுங்க. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு நான் ஒரு காலை யோசிச்சேன். அந்த ஒரு காலையிலதான் என் தம்பி செத்தான்."

சின்னவரின் மனைவி தலை நிமிராமல் சொன்னாள். "இதை நேத்து உள்ளறையில கதவைச் சாத்தாம சொல்லியிருக்கலாம் மாமா. கேக்க ஒரு ஆளு உயிரோட இருந்தாரு."



ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. துணியில் குறை ஏதும் காணப்படவில்லை.

அதன் பிறகு ஒரு பேச்சு சுற்றி வருகிறது: பெரியவர் துக்கம் தாளாமல் பழுத்த தகட்டில் தம் வலது கையை வைத்துப் பொசுக்கிக்கொண்டார், அந்தக் கை இப்போது வேலைக்கு ஆகாது என்று. கேட்டவர்கள் கண்கலங்கிச் சொல்கிறார்கள். அது பொய். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலையில் வருகிறார், தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே பிடிக்கிறார், பருத்திக்கு வைக்கச் சொல்கிறார். இன்றுவரை ஒரு துணியும் கருகவில்லை.